ஆமை பார்த்த திரைக்காடு

ஒரு காட்டுக் குளத்தில் மெல்லி என்கிற ஆமை இருந்தது. அதற்கு இரண்டு சிநேகிதர்கள். ஒன்று, நீலு என்கிற மீன்கொத்தி. கண்ணில் பட்டதையெல்லாம் நம்பிவிடும். இன்னொன்று, சொக்கு என்கிற கீரி. மோந்து பார்க்காமல் எதையும் நம்பாது. இரண்டும் சேர்ந்தால் சண்டைதான். ஆனாலும் மெல்லிக்கு இரண்டின் மேலும் கொள்ளைப் பிரியம்.

அந்தக் கோடையில் குளம் வற்றிப் போனது. நடுவில் கொஞ்சம் சேறுதான் மிச்சம்.

"வேற தண்ணி தேடிக் கிளம்பணும். நீங்க தப்பான பக்கம் போனா திரும்பி வந்துடுவீங்க. என் நடைக்கு ஒரே ஒரு பயணம்தான். வழி தப்பினா வெயில்லயே வெந்துபோவேன்!" என்றது மெல்லி.

நீலு காடு முழுக்கப் பறந்து பார்த்தது. மேலிருந்து பார்த்தால் எங்கும் சருகும் பாறையும்தான் தெரிந்தன.

குளக்கரையில் ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் ஓர் அறை கட்டியிருந்தார்கள். உள்ளே சுவர் அகலத்துக்கு ஒரு திரை. இந்தக் காட்டை மூலைமுடுக்கெல்லாம் அளந்து, கணினிக்குள் அதே மாதிரி ஒரு காட்டைச் செய்து வைத்திருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காட்டுக்குள் நடந்துவிட்டுப் போகலாம். காவலாளி சாப்பிடப் போகும்போது கதவைச் சாத்த மாட்டார். திரை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு மத்தியானம் நீலு உள்ளே எட்டிப் பார்த்தது.

"மெல்லி அக்கா! இங்க ஒரு குளம்! தளும்பத் தளும்பத் தண்ணி! மீன் துள்ளுது!"

சொல்லி முடிப்பதற்குள் பாய்ந்தது. 'டங்'கென்று ஒரு சத்தம்! நீலு தரையில் கிடந்தது. அலகு வீங்கிவிட்டது.

"இந்தத் தண்ணி ரொம்பக் கெட்டியா இருக்கு!" என்று முனகியது.

சொக்கு ஓடி வந்து திரையை மோந்து பார்த்தது. "சேத்து வாசனை இல்லை, பாசி வாசனை இல்லை. எல்லாம் பொய்! வாங்க போகலாம்!"

"என் கண்ணால பார்த்தேன், நிஜம்தான்!"

"அப்போ உன் அலகு ஏன் வீங்கிச்சு?"

"கொஞ்சம் வாயை மூடுங்க ரெண்டு பேரும்!" என்றது மெல்லி. மெதுவாக வந்து சேர்ந்திருந்த அது கழுத்தை நீட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

திரையில் ஓர் ஓடை வந்தது. பிறகு பிளந்த பாறை. பாறைக்குக் கீழே மணல் திட்டு, பக்கத்தில் படி மாதிரி மூன்று கற்கள். மெல்லி ஓர் அடி முன்னால் நகர்ந்தது. வருஷா வருஷம் அது முட்டையிடும் இடம்! அதற்கு அப்பால் மெல்லி போனதே இல்லை. திரையில் ஓடிய காட்சி அதையும் தாண்டிப் போனது. மூங்கில் புதருக்குள் நுழைந்து, ஒரு குகைப் பாறைக்கு அடியில் இருந்த ஆழமான மடுவில் போய் நின்றது.

"எனக்குத் தெரிஞ்ச இடத்தை இது ஒரு கல்லு பிசகாம காட்டுது. அப்போ தெரியாத இடத்தையும் அளந்துதான் வச்சிருப்பாங்க," என்றது மெல்லி.

"அப்போ கிளம்பு அக்கா!" என்றது நீலு.

"அவசரப்படாதே. நீ பாய்ஞ்சது நம்ம குளம்தான். இதுல நிரம்பி வழியுது, இங்கயோ சேறு. மழைக்காலத்துல அளந்திருக்காங்க. பாறை அப்படியே இருக்கும், தண்ணி அப்படியே இருக்காது. மூங்கிலுக்கு அடியில தாழப் பறந்து ஒரு தடவை பார்த்துட்டு வா, தம்பி."

நீலு வீங்கிய அலகோடு போனது. வெயில் தாழ்வதற்குள் திரும்பி வந்தது. "இருக்கு அக்கா! திரையில பார்த்ததுல பாதிதான். ஆனா இருக்கு!"

மெல்லி மூன்று நாள் நடந்தது. பகலில் நீலு நிழல் பார்த்துச் சொன்னது. "எல்லாம் வீண் வேலை!" என்று முணுமுணுத்தபடி சொக்குவும் கூடவே வந்தது. மூங்கில் புதரை நெருங்கியதும் அதன் மூக்கு துடித்தது. அடுத்த நொடி ஓடிப் போய் முதல் ஆளாகத் தண்ணீர் குடித்ததும் அதுதான்!

நீலு மட்டும் கிளையை விட்டு இறங்கவில்லை. கீழே மீன் துள்ளியது.

"அக்கா, நீ முதல்ல காலை வச்சுப் பாரேன்!"

மெல்லி சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கியது.

கணினி காட்டும் காட்டை அப்படியே நம்பிப் பாய்ந்தவருக்கு அலகு வீங்கும், பொய்யென்று ஒதுக்கியவருக்குத் தொண்டை காயும், தெரிந்ததை வைத்துச் சரிபார்த்துக்கொண்டவரே தண்ணீரைப் போய்ச் சேருவார்.