மேஜைமேல் ஏறிய மலைரயில்

முன்னொரு காலத்தில், மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், பொன்னூற்று என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் அடிவாரத்திலிருந்து மலை உச்சிக்கு ஒரு குட்டி ரயில் ஓடியது. தண்டவாளங்களுக்கு நடுவே ஒன்றரை முழம்தான் இடைவெளி. ஒரு எஞ்சின், நான்கு பெட்டி, அவ்வளவுதான். ஆனாலும் அந்த ரயில் போனால்தான் உச்சியில் இருப்பவர்களுக்கு உப்பு, கீழே இருப்பவர்களுக்குக் காய்கறி.

ரயிலை ஓட்டியவன் ராக்கப்பன். ஒரு நீளக் கூவல், இரண்டு குட்டைக் கூவல். அதுதான் அவன் ஊதும் முறை. கூ...! கூ, கூ!

அவன் மனைவி சிலம்பாயி. அவள் தொழில் என்ன தெரியுமா? மலை கட்டுவது! திருவிழாப் பந்தலிலும் நாடகக் கொட்டகையிலும் மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டி, கோணிச்சாக்கைப் போர்த்தி, காகிதக் கூழ் பூசி, மலையும் காடும் செய்து வைப்பாள். பார்த்தவர்கள் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார்கள்.

அந்த நாட்டு ராஜா பொம்மண்ணருக்கு வயது ஐம்பது. ஆசை மட்டும் ஐந்து வயதுப் பிள்ளையின் ஆசை. ஒருநாள் சபையில் சொன்னார்: "எனக்கு ஒரு பொம்மை ரயில் வேண்டும். நிஜ ரயில் மாதிரியே புகை விட வேண்டும், கூவ வேண்டும். கொண்டு வருபவனுக்கு மந்திரி பதவி!"

சபையின் மூலையில் இருந்த சுருளாண்டி என்ற மந்திரவாதி அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டான்.

மறுநாள் காலை அரண்மனையிலிருந்து சிலம்பாயிக்கு ஆள் வந்தது. "அம்மா, ராஜாவுக்குப் புது பொம்மை ரயில் வந்திருக்கு. பெரிய மேஜையில சுத்திச் சுத்தி ஓடுது. மேஜை மொட்டையா இருக்கு. மலை கட்ட உன்னைக் கூப்பிடுறார்."

சிலம்பாயி மூங்கிலையும் சாக்கையும் மூட்டை கட்டிக்கொண்டு போனாள்.

பத்துப் பேர் படுக்கலாம், அவ்வளவு பெரிய மேஜை. அதன்மேல் கைக்கு அடக்கமான ரயில் ஒன்று தடக்கு தடக்கு என்று வட்டம் போட்டது. ராஜா கைதட்டிக் குதித்துக்கொண்டிருந்தார். சிலம்பாயி அளவெடுக்கக் குனிந்தாள். அப்போது எஞ்சின் ஊதியது.

கூ...! கூ, கூ!

கொசு ரீங்காரம் போல மெல்லிய சத்தம். ஆனால் அது ராக்கப்பன் ஊதும் முறை. இன்னும் குனிந்தாள். எஞ்சினுக்குள் ஒரு விரல்நுனி உயரத்தில் ஒரு மனிதன் தலைப்பாகையைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் கையால் சாயம் போட்டுக் கொடுத்த நீலத் தலைப்பாகை.

"என்னங்க!" என்று அலறினாள் சிலம்பாயி. கை தானாக ரயிலை நோக்கிப் போனது.

"தொடாதே!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சுருளாண்டி நின்றிருந்தான். விளையாட்டில் மூழ்கியிருந்த ராஜாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. "மனிதக் கை பட்டால் அந்தக் கணமே எல்லாம் தகரம். வண்டியும் தகரம், உள்ளே இருக்கும் நாற்பத்திரண்டு பேரும் தகரம்."

"இந்த மாயத்துக்கு விடிவு உண்டா?" என்று கேட்டாள். அவன் மீசையை முறுக்கிக்கொண்டான்.

"விடிவு உண்டா?" என்று மறுபடியும் கேட்டாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"விடிவு உண்டா?"

மூன்று முறை கேட்டால் மந்திரவாதி மெய் சொல்லியே ஆக வேண்டும். சுருளாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "உண்டு. இந்த மேஜைமேல் அடிவாரம் முதல் உச்சி வரை அந்த மலை எழும்ப வேண்டும். இது என் மலைதான் என்று ரயில் நம்ப வேண்டும். நம்பினால் தண்டவாளம் தானாக ஏறும். சூரியன் மறைவதற்குள் உச்சி நிலையத்தைத் தொட்டுவிட்டால் மாயம் உடையும். தொடாவிட்டால் தகரம்தான்."

சிலம்பாயி ஜன்னலைப் பார்த்தாள். சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

அழ நேரமில்லை. மூங்கில் சிம்பை வளைத்தாள், கட்டினாள். சாக்கை இழுத்து மேஜை விளிம்பில் ஆணி அடித்தாள். காகிதக் கூழைப் பூசினாள். பச்சைச் சாயத்தில் முக்கியெடுத்த மரத்தூளைத் தூவினாள். காய்ந்த பீர்க்கங்கூட்டைப் பிய்த்து மரங்கள் நட்டாள்.

அடிவாரச் சரிவு எழும்பியது. பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் தண்டவாளம் அசையவில்லை. ரயில் பழைய வட்டத்திலேயே தடக்கு தடக்கு என்று ஓடியது.

"ஏன்? ஏன் ஏற மாட்டேங்குது?" சிலம்பாயி கண்ணை மூடி நிஜச் சரிவை நினைத்தாள். போன மழையில் மண் சரிந்த இடம் ஞாபகம் வந்தது. பல்லிளித்துக்கொண்டு நிற்கும் செம்மண், வேர் தெரியச் சாய்ந்த மரம். அவள் கட்டிய மலையில் அது இல்லை. அரிவாளை எடுத்துத் தன் அழகான சரிவைத் தானே கீறினாள். செம்மண்ணை அள்ளித் தேய்த்தாள். ஒரு மரத்தைப் பிடுங்கிச் சாய்த்து வைத்தாள்.

சரசரவென்று தண்டவாளம் ஏறியது. அதன்மேல் ரயிலும் ஏறியது.

"ஆகா!" என்றார் ராஜா. சுருளாண்டி மட்டும் ஆகா சொல்லவில்லை.

அடுத்தது ஆற்றுப் பாலம். ஆறு ஓடும் பள்ளத்தில் கூழாங்கல் பரப்பி, அரக்கைக் காய்ச்சி ஊற்றித் தண்ணீர் செய்தாள். தீக்குச்சி கனத்தில் மூங்கிலைச் சீவிப் பாலம் கட்டினாள். களிமண் எடுக்க அந்த ஆற்றங்கரைக்கு மாதம் தவறாமல் போகிறவள், கண்ணை மூடிக்கொண்டே கட்டலாம். தண்டவாளம் பாலத்தில் ஏறியது. ரயில் பாலத்தை நெருங்கியது.

அப்போது ராஜா என்ன செய்தார் தெரியுமா? "ஆற்றில் ஒரு அன்னம் இருந்தால் ஜோராக இருக்குமே" என்று ஒரு தங்க அன்னத்தைத் தண்ணீரில் வைத்துவிட்டார்!

அந்த ஆற்றில் ஏது தங்க அன்னம்? படார் என்று நடுப்பாலத்தில் தண்டவாளம் அறுந்தது. ரயில் வந்துகொண்டே இருந்தது. ராக்கப்பன் பிரேக்கைப் பிடித்துத் தொங்கினான். சக்கரத்தில் தீப்பொறி பறந்தது. சிலம்பாயி பாய்ந்து அன்னத்தைப் பிடுங்கி வீசினாள். அறுந்த தண்டவாளம் ஒட்டிக்கொண்டது. ஒரு நூல் இடைவெளியில் எஞ்சின் தப்பிப் பாலத்தைக் கடந்தது.

"மகாராஜா!" என்றாள் சிலம்பாயி. "கோபிச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை அந்த ஜன்னல் வழியா உள்ளே பாருங்க."

ராஜா குனிந்து பார்த்தார். முதல் பெட்டியில் ஒருத்தி கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். இரண்டாவது பெட்டியில் ஒருவன் காலிக் குடத்தைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தான். மூன்றாவதில் ஒரு பெண் ராஜாவின் கண்ணை நேருக்கு நேர் பார்த்துக் கையை நீட்டி எதையோ கத்தினாள்.

ராஜா நிமிர்ந்தார். "இவர்கள்... என் ஜனங்களா? நிஜமாகவா?"

"நிஜமாத்தான். எஞ்சின்ல இருக்கிறது என் வீட்டுக்காரர்."

ராஜா கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். "நான் என்ன செய்யட்டும், சொல்லு அம்மா."

அப்போது சுருளாண்டி ஹா ஹா என்று சிரித்தான். "பாலம் வரை சரி. அதற்கு மேலே? சிலம்பாயி, உச்சிக்கு நீ ஒருநாளாவது போயிருக்கிறாயா?"

சிலம்பாயியின் கை அப்படியே நின்றது. அவள் போனதில்லை! ராக்கப்பன் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறான். ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஏதோ ஒரு பந்தல், ஏதோ ஒரு நாடகம். பார்க்காத இடத்தை எப்படிக் கட்டுவது? "மகாராஜா, நீங்க போயிருக்கீங்களா?"

"போயிருக்கிறேன். பல்லக்கில், திரையை மூடித் தூங்கிக்கொண்டே" என்று ராஜா தலையைக் குனிந்துகொண்டார்.

வெயில் சுவரில் ஏறத் தொடங்கிவிட்டது. சிலம்பாயி காகிதத்தைச் சுருட்டிக் கூம்பு செய்தாள். "பார்த்தவங்க வண்டியிலேயே இருக்காங்க. நீங்க காது கொடுத்துக் கேளுங்க, கேட்டதை என்கிட்ட சொல்லுங்க. நான் கட்டுறேன்."

நாட்டை ஆளும் ராஜா மேஜைமேல் குப்புறப் படுத்தார். கூம்பைக் காதில் வைத்து ரயில்கூடவே ஊர்ந்தார்.

"மூன்றாவது பெட்டியில் கேரட் விற்கிற கெங்கம்மாவாம். முதலில் அவள் தோட்டம் வருமாம். படிப்படியாக இருக்குமாம். என்னையும் ரொம்பத் திட்டுகிறாள்."

சிலம்பாயி படி வெட்டினாள். தேங்காய் நாரைக் கத்தரித்துக் கேரட் தழை நட்டாள். தண்டவாளம் ஏறியது.

"தபால்காரர் சொல்கிறார், வளைவில் தபால்பெட்டி இடது பக்கம் சாய்ந்திருக்குமாம்."

சாய்த்து வைத்தாள். தண்டவாளம் ஏறியது.

"நிலையத்துக் கூரை சிவப்பு என்கிறார் ஒருவர். துருப்பிடித்தது என்கிறார் இன்னொருவர். சண்டை போடுகிறார்கள்!"

"ரெண்டு பேரும் மெய்தான் சொல்லுவாங்க" என்று பாதிக்குச் சிவப்பும் பாதிக்குத் துரு நிறமும் பூசினாள். தண்டவாளம் உச்சி நிலையத்தின் வாசல் வரை போய் நின்றது.

"வந்துட்டாங்க!" என்றாள் சிலம்பாயி. அந்தக் கணம் எஞ்சின் முனகியது. தடக்கு... தடக்கு... தட... புகை மெலிந்தது. கடைசி ஏற்றத்தில், நிலையத்துக்கு ஒரு சாண் தூரத்தில், ரயில் நின்றுவிட்டது.

ராஜா கூம்பைக் காதில் அழுத்தினார். "நிலக்கரி தீர்ந்துவிட்டதாம். உன் வீட்டுக்காரர் சொல்கிறார். பிரேக் போட்டுத்தான் பின்னால் உருளாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாராம். கை வலிக்கிறதாம்."

ஜன்னல் விளிம்பில் சூரியன் ஒரு நகக்கீற்று அளவுதான் மிச்சம். சுருளாண்டி தலையைச் சீவிக்கொண்டு மந்திரி நாற்காலியைப் பார்க்கப் போனான்.

ஒரு சாண்! ஒரே ஒரு சாண்! கையால் தள்ளினால் தகரம். ஊதித் தள்ள முடியாது. கயிறு கட்ட நேரமில்லை. சிலம்பாயி ரயிலைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள்.

"மகாராஜா, இறங்குங்க! ரயிலைத்தானே தொடக்கூடாதுன்னு சொன்னான்? மேஜையைத் தொடலாமே! இந்தப் பக்கக் காலைத் தூக்குங்க. மலையைச் சாய்ச்சிட்டா ஏத்தம் இறக்கம் ஆயிடும்!"

வெற்றிலைப் பெட்டியைக்கூடத் தூக்கிப் பழகாத ராஜா மண்டியிட்டு மேஜைக்குத் தோள் கொடுத்தார். பக்கத்தில் சிலம்பாயி கொடுத்தாள். மண்ணும் கல்லும் சேர்ந்து மலைக்கனம் கனத்தது. மேஜை ஒரு விரற்கடை எழும்பியது, ஒரு முழம் எழும்பியது. கூழாங்கற்கள் உருண்டன. "என்னங்க! பிரேக்கை விடுங்க!" என்று கத்தினாள் சிலம்பாயி.

அவ்வளவு பெரிய குரல் ராக்கப்பனுக்கு இடிபோல் கேட்டிருக்கும். ஏற்றத்தில் பிரேக்கை விடு என்கிறாளே என்று அவன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. விட்டான்.

ரயில் உருண்டது. அரைச் சாண், கால் சாண், நாலு விரல், இரண்டு விரல். டக் என்று எஞ்சின் நிலையத்து வாசலைத் தொட்டது. சூரியன் மறைந்தது.

மேஜைமேல் ரயில் இல்லை. அறையில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். சிலம்பாயி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எதுவும் கேட்கவில்லை. இன்னும் எதுவும் கேட்கவில்லை. பிறகு, தூரத்தில், நிஜ மலையின் உச்சியிலிருந்து, நாடே கேட்கும்படி ஒலித்தது:

கூ...! கூ, கூ!

சிலம்பாயி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ராஜாவும் அழுதார்.

"ஐயோ, என்னைத் தூக்குங்கள்!" என்று கீச்சென்று ஒரு குரல். பார்த்தால், மந்திரி நாற்காலியின் மேல் சுருளாண்டி விரல்நுனி உயரத்தில் நின்றான். உடைந்த மாயம் செய்தவன் மேலேயே திரும்பியிருந்தது. "காலம் பூராவும் இப்படியேவா?" என்று அழுதான்.

"நீ அடைச்சு வச்ச ஒவ்வொருத்தரும் மன்னிச்சா ஒவ்வொரு விரற்கடை வளருவே, அதுதானே உங்க மாயத்து நியாயம்?" என்றாள், நாடகக் கொட்டகையில் எத்தனையோ மாயக்கதை கேட்டிருந்த சிலம்பாயி. மூன்று முறை கேட்டாள். ஆமாம் என்று ஒப்புக்கொண்டான்.

உச்சியில் நிலக்கரி நிரப்பிக்கொண்டு, இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு ராக்கப்பன் ரயிலைக் கீழே கொண்டுவந்தான். நடைமேடையில் சிலம்பாயி அவன் கையைப் பிடித்து, பிரேக் பிடித்துக் கன்றிப்போன உள்ளங்கைக்கு எண்ணெய் தடவினாள். ராஜா அண்டா அண்டாவாகச் சோறும் மோரும் கொண்டுவந்து, தானே பரிமாறி, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அன்றே ஆணை போட்டார்: இனி ஜனங்களைத் தொடும் எந்த ஆசையையும் ஜனங்களைக் கேட்காமல் ராஜா ஆசைப்படக் கூடாது. மலைரயில் போகும் வழியைக் காக்கும் பொறுப்பு சிலம்பாயிக்கு வந்தது. சரிந்த மண்ணை அவள் சொன்னபடி கல் அடுக்கிக் கட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தச் சரிவில் ஒரு பிடி மண்கூடப் பெயரவில்லை.

சுருளாண்டி? ஒரு கூடைக்குள் உட்கார்ந்து வீடு வீடாகப் போனான். மன்னிப்புக் கேட்கக் கேட்க வளர்ந்தான். நாற்பத்தொரு பேர் மன்னித்தார்கள். கேரட் விற்கிற கெங்கம்மா மட்டும், "போடா, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அதனால் அவன் இன்றைக்கும் வளர வேண்டியதில் ஒரு விரற்கடை குறைவாகவே நடமாடுகிறான். ரயிலில் போனவர்கள் எல்லோரும் பத்திரமாக வீடு சேர்ந்தார்கள். கேட்ட நீங்களும் பத்திரமாகப் போய்த் தூங்குங்கள்.