அணில் கடித்த வயர்

செங்குளத்தில் கேபிள் டிவி நடத்திவந்தவர் திருமலைக்கொழுந்து. வயது ஐம்பத்தாறு. வெள்ளிக்கிழமை காலைகளில், அரிசி ஆலைக்குப் பின்னால் இருக்கும் தியானக் கூடத்துக்குப் போவார். அங்கே குரு பூரணி. கொழுந்தைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். என்றாலும் கொழுந்து அவரை அம்மா என்றுதான் அழைப்பார். அவர் கொழுந்தை அண்ணாச்சி என்பார்.

அன்று மற்றவர்கள் எழுந்து போன பிறகும் கொழுந்து உட்கார்ந்திருந்தார்.

“ஒரு வயரை அறுக்கிறது பாவமாம்மா?”

“யாரோட வயர்?”

கொழுந்து சொன்னார். ஊரில் ஆயிரத்து அறுநூறு வீடுகளுக்கு இணைப்பு கொடுத்திருந்தார். இப்போது நானூறுதான் மிச்சம். ஃபைபர் இன்டர்நெட் கம்பெனி ஒன்று ஊருக்குள் வந்துவிட்டது. சீரியலையும் கிரிக்கெட்டையும் ஜனங்கள் செல்போனிலேயே பார்க்கிறார்கள். எந்த வீட்டில் சாவு, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது என்று அவருடைய உள்ளூர் சேனலில் ஓடிய செய்தியெல்லாம் வாட்ஸ்அப்பில் முதலிலேயே வந்துவிடுகிறது. போன வாரம் அந்தக் கம்பெனியின் மேனேஜர் ஜெபசிங் வீடு தேடி வந்தார். எங்கள் லைனை நீங்களே பார்த்துக்கொள்ள முடியுமா, ஊரில் எங்களுக்கு ஒரு வீடும் தெரியாது என்று கேட்டார். கொழுந்து அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஸ்கூட்டரில் கட்டிங் பிளேயர் வைத்திருக்கிறார்.

“அவங்க மெயின் லைன் எந்த வேப்ப மரத்து வழியா போகுதுன்னு எனக்குத் தெரியும். ஒரு நிமிஷ வேலை.”

பூரணி பாய்களைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்.

“நீங்க கேபிள் இழுக்கறதுக்கு முன்னாடி, இந்த ஊர்ல வீட்ல படம் பார்க்கணும்னா என்ன செய்வாங்க?”

“பீர் முகம்மது பாய் கடையில கேசட் வாடகைக்கு எடுப்பாங்க.”

“அந்தக் கடை?”

“நான் வந்து ரெண்டு வருஷத்துல மூடிட்டாரு.”

“அவர் இருக்காரா?”

“இருக்காரு. பஜார்லதான்.”

“பார்த்துட்டு வாங்க.”

கொழுந்து அந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் போவார். உள்ளே போய் இருபத்தைந்து வருஷம் இருக்கும். பீர் முகம்மது இப்போது அதே கடையில் வளர்ப்பு மீன் விற்கிறார். சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். கொழுந்தைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

“இரும் கொழுந்து. வழி தெரிஞ்சுதா?”

கொழுந்துக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வியாபாரம் எப்படி என்று விசாரித்தார். பரவாயில்லை என்றார் பாய். கண்ணாடிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிற ஆசை ஜனங்களுக்கு இன்னும் போகவில்லை, அது போகாதவரை தனக்குக் கவலையில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

கொழுந்தும் சிரித்துவிட்டார். பிறகு, ஃபைபர்காரர்கள் வந்ததைச் சொன்னார். பிளேயரையும் மறைக்கவில்லை.

பாய் தொட்டிக்குள் தீவனம் தூவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“உம்ம வயரை நான் ஒருநாள் அறுத்தேன், தெரியுமா?”

கொழுந்து ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பள்ளிவாசல் முனையில், விடியற்காலையில், பிளேடால் அறுத்ததாக பாய் சொன்னார். அன்று மத்தியானம் கிரிக்கெட் மேட்ச். தெரு மொத்தமும் கத்தியது. பாய் வீட்டிலும், அவருக்குத் தெரியாமல் மகள்கள் இணைப்பு வாங்கியிருந்தார்கள். டிவி தெரியவில்லை, போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று மனைவி அவரையே கொழுந்திடம் அனுப்பிவைத்தாள்.

“நீரே ஏணியைத் தூக்கிட்டு வந்தீரு. மேல ஏறிப் பார்த்துட்டு, ‘அணில் கடிச்சிருக்கு பாய்’னு சொன்னீரு.”

“ஆமா.”

“அணில் அவ்வளவு நேரா கடிக்குமா?”

“கடிக்காது.”

“அப்ப ஏன் அப்படிச் சொன்னீரு?”

கொழுந்து தொட்டியைப் பார்த்தார். ஆரஞ்சு நிற மீன் ஒன்று கண்ணாடியோரமாக வந்து திரும்பியது.

“என்னாலதானே உங்க கடை பூட்டிக் கிடந்துச்சு பாய். வேற என்ன சொல்றது?”

பாய் தீவன டப்பாவை மூடி வைத்தார். அன்று ராத்திரிதான், கடை மூடிய பிறகு முதல் முறையாக நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். கொழுந்து கிளம்பும்போது, இரண்டு மீன்களைப் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகள் கொழுந்து கூடத்துக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார். கம்பெனி பெயர் போட்ட சட்டை அணிந்திருந்தார். சட்டை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

பாய் கடையிலிருந்து வெளியே வந்ததுமே ஜெபசிங்கை போனில் கூப்பிட்டதாகச் சொன்னார். வாசலோடு அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டாராம். இப்போது புது லைன் அவர் பொறுப்பில். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் பகலில் தூங்குவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருப்பதில் கம்பெனிக்கு ஒரே ஆச்சரியம். தன்னுடைய பழைய கேபிள் வயரை அவரே சுற்றி எடுக்கிறார்.

“கஷ்டமா இருந்துச்சா?” என்று பூரணி கேட்டார்.

“முதல் வீட்ல இருந்துச்சு. அப்புறம் அந்த வீட்டம்மா, புதுசுலயும் நம்ம சேனல் வருமான்னு கேட்டாங்க. ஜெபசிங் கிட்டக் கேட்டேன். போனுக்குள்ளயே நடத்தலாம்னு சொல்லிட்டாரு. நேத்து ஆரம்பிச்சாச்சு.”

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. இந்த ஃபைபரும் ஒருநாள் போயிரும்ல? கம்பியே இல்லாம வானத்துலேர்ந்து வரப்போகுதுன்னு சொல்றாங்க. அப்ப நான் யார்கிட்டப் போறது?”

“நீங்க எங்கயும் போக வேண்டாம், அண்ணாச்சி” என்றார் பூரணி. “அன்னிக்குக் கையில பிளேயரோட ஜெபசிங் உங்களைத் தேடி வருவார். உட்காரச் சொல்லுங்க.”