கரைச்சாமி மலையேறிய நாள்

"மூணு தடவை ஏறிட்டேன் சாமி. மலை வாயே திறக்க மாட்டேங்குது" என்றார் மாசிலாமணி.

கரைச்சாமி வலையில் சிக்கிய பாசியை உதறிக்கொண்டிருந்தார். கரையைவிட்டு நகராதவர் என்பதால் தீவுக்காரர்கள் வைத்த பெயர் அது.

"மலைகிட்ட என்ன கேட்டீங்க, பெரியவரே?"

குருவான சாமிக்கு நாற்பது வயதுதான். சீடர் மாசிலாமணி அறுபதைத் தாண்டியவர். அதனால்தான் அந்தப் "பெரியவரே".

மாசிலாமணி கேட்டது இதுதான்.

இளவயதில் இந்தத் தீவின் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர் அவர். மாதத்துக்கு ஒரு கப்பல் எட்டிப் பார்த்தால் பெரிய விஷயம். இங்கே பிறந்த தெய்வானையைக் கட்டிக்கொண்டார். மாற்றலாகி ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அவள்தான் அவரைப் பெரியமலைக்குக் கூட்டிப்போனாள்.

உச்சியில் நாலு பக்கமும் கடல். இவர் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார். "தெய்வானை, இங்க பாரு! அங்க பாரு!"

அவள் கடலையும் பார்க்கவில்லை, கீழே தீவையும் பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"நான் பாத்ததுதானே. நீங்க பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு காலம் முழுக்க அவரோடு வாழ்ந்தாள். ஒருநாளும் தீவுக்குப் போகலாம் என்று கேட்டதில்லை. போன தை மாதம் கண்ணை மூடினாள். அடுத்த கப்பலில் இவர் தீவுக்கு வந்து, கரைச்சாமியிடம் ஒட்டிக்கொண்டார்.

"பிறந்த மண்ணைக் கடைசியா ஒரு தடவை பாக்கக்கூட அவளுக்கு மனசு வரல. அப்படின்னா மனசில்லாமதானே என்கூட வந்திருக்கா? ஒருத்தியை வாழ்நாள் பூரா இழுத்துவச்சிருந்தேனோ சாமி?"



கரைச்சாமி வலையை ஓரமாக வைத்தார்.

"நான் அந்த மலையில ஏறினதே இல்ல. என்னைக் கூட்டிப் போங்க."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. பதில் கேட்டு வந்தால் வழிகாட்டி வேலை கொடுக்கிறாரே! அதுவும் இத்தனை வருஷம் மலையடியில் இருந்துவிட்டு ஏறினதே இல்லையாம். சாப்பாட்டுக் கடை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிற கதை. ஆனால் குரு சொல்லைத் தட்ட முடியுமா?

விடிந்ததும் கிளம்பினார்கள்.

முதல் மேட்டிலேயே சாமிக்கு இரைத்தது. கடலில் இறங்கிப் பழகிய கால் சரளைக்கல்லில் வழுக்கியது. மாசிலாமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"இது என்ன பழம்?"

"சூரைப்பழம். கொட்டையைத் துப்பிடுங்க. அன்னைக்கு அவ மடி நிறையப் பறிச்சா. என் பூட்ஸைப் பாத்து, இதென்ன காலுக்குத் தொப்பியான்னு சிரிச்சா."

சாமி ஒரு பழத்தைக் கடித்துவிட்டு, புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தை மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறோம் என்று அவருக்கே தோன்றியது.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. "இந்தப் பாறை இடுக்குல ஊத்துத்தண்ணி, வாயை வச்சுக் குடிங்க. பல்லு கூசும் பாருங்க." சாமி குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே காத்து நின்றார். தான் குடிக்க மறந்துபோனார்.

"இன்னும் எவ்வளவு தூரம், பெரியவரே?"

"இதோ, அந்தத் திருப்பம்தான்."

அது பொய். தெய்வானையும் அதே இடத்தில் அதே பொய்யைத்தான் சொன்னாள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மாசிலாமணி தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

"கண்ணைக் கட்டணும் சாமி. புதுசா ஏறுறவங்களை இப்படித்தான் மேல கூட்டிப்போறது, இந்தத் தீவு வழக்கம். அவ முந்தானையால கட்டினா."

சாமி குனிந்து கொடுத்தார்.

கையைப் பிடித்து ஒவ்வொரு அடியாகக் கூட்டிப்போனார். மேகம் வந்து மறைத்துவிடக் கூடாதே என்று மாசிலாமணி நிமிர்ந்து நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

உச்சியில் காற்று. மேகம் இல்லை.

துண்டை அவிழ்த்தார்.

கரைச்சாமி வாயைப் பிளந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார்.

"இவ்வளவு கடலா! அய்யோ, அது நம்ம குடிசையா? எம்மாத்தூண்டு இருக்கு! பெரியவரே, இங்க பாருங்க! அங்க பாருங்க!"

மாசிலாமணி நின்ற இடத்திலேயே நின்றார். சாமியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. கன்னத்தில் நீர் வழிவதுகூடத் தெரியவில்லை.

"என்ன பெரியவரே, நீங்க கடலைப் பாக்கலையா?"

"நான் பாத்ததுதானே. நீங்க பாருங்க."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.