இல்லாத கணக்கின் பாக்கி

விருதுநகரில் விடுதிச் சமையல் செய்யும் செண்பகவல்லி கிரெடிட் கார்டை முறைப்படி மூடிவிட்டாள். ஆனாலும் மிச்சக் கட்டணம் கட்டச் சொல்லி வங்கியின் வசூல்காரர் போனில் மிரட்டிக்கொண்டே இருந்தார். அவள் நேரே வங்கி மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்து, அந்தப் பாக்கியை நீக்கச் சொன்னாள்.

“மூடின கணக்கு எங்க கம்ப்யூட்டர்லயே இல்லம்மா. இல்லாததுல எதை நீக்குறது? கிளம்புங்க,” என்றார் அவர், தலை நிமிராமலே.

அவள் கிளம்பவில்லை. வசூல்காரரைப் போனில் அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

“சார், இப்ப சொன்னதை இவர்கிட்டயும் சொல்லிடுங்க. இவரும் உங்க பேங்க்தான்,” என்றாள் மேனேஜரிடம்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமி, “அப்படி ஒரு கணக்கே இல்லப்பா,” என்றார்.

“அப்ப நான் யார்கிட்ட சார் வசூல் பண்றது?” என்றார் போனில் இருந்தவர்.

வரிசையே சிரித்தது. பாக்கி இல்லை என்று மேனேஜர் எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். செண்பகவல்லி அதை முழுசாகப் படித்துவிட்டுத்தான் எழுந்தாள்.