முந்நூறு கெஜத்துப் பன்றி

பட்டாளத்தில் இருபது வருஷம் தோட்டாக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் அருளாந்து. எந்தத் தோட்டா என்ன எடை, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை.

வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்துவந்த காலம் அது. ஓய்வு பெற்றதும் துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொண்டு ஊஞ்சமலைக்கு வந்து, தன்னைவிடப் பத்து வயது இளைய சின்னாண்டியிடம் வேட்டை கற்கச் சேர்ந்தார். பன்றி பயிரை அழித்தால் மலையில் சின்னாண்டியைத்தான் கூப்பிடுவார்கள்.

முதல் நாளே அருளாந்து கேட்டார்.

“வாத்தியாரே, எந்தத் தூரத்துக்கு எந்தத் தோட்டா?”

“நூறு கெஜத்துக்குள்ள இந்த ஈய மூக்கு வச்சது. உள்ள போனதும் விரிஞ்சு, நின்ன இடத்துலயே சாய்ச்சிரும்.”

“அதுக்கு மேல?”

“கிட்டப் போங்க.”

“கிட்டப் போக முடியலைன்னா?”

“வீட்டுக்குப் போங்க.”

அருளாந்து சிரித்தார். சின்னாண்டி சிரிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து பொங்காயி வந்து நின்றாள். புருஷன் இல்லாதவள். மேட்டில் அரை ஏக்கர் மரவள்ளி போட்டிருந்தாள். ஒற்றைப் பன்றி ஒன்று தினமும் வந்து கிழங்கைத் தோண்டிப் போட்டது.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் போனார்கள். சின்னாண்டி ஓடைப் பக்கம் இறங்கினார். அருளாந்துவைக் காட்டின் ஓரத்துப் பாறையில் உட்கார வைத்தார்.

வெயில் சாயும் நேரம், எதிர்ச் சரிவில் பன்றி வந்து நின்றது. முந்நூறு கெஜம் இருக்கும். கிட்டே வரும் என்று அருளாந்து பார்த்தார். வரவில்லை. திரும்பிப் போகப் பார்த்தது. ஆறு மாதமாகச் சும்மா தூக்கிச் சுமந்த துப்பாக்கி. அவர் விரல் பொறுக்கவில்லை.

வெடிச் சத்தத்தோடு பன்றி முதுகை வளைத்துக் குறுகியது. பிறகு மரவள்ளி ஓரம் வரைக்கும் நீண்டு கிடந்த முள்ளுப் புதருக்குள் ஓடி மறைந்தது. வயிற்றில் பட்டுவிட்டது என்று அருளாந்துவுக்குத் தெரிந்தது.

சின்னாண்டி மூச்சு வாங்க மேலேறி வந்தார். குடிசையிலிருந்து பொங்காயியும் ஓடி வந்தாள்.

“பட்டுதா?” என்றார் சின்னாண்டி.

அவ்வளவு தூரத்தில் சுடாதே என்று சொன்னவர் முன்னால், ஒரு பொம்பளையும் பக்கத்தில் நிற்க, அருளாந்துவுக்கு முகம் சுட்டது.

“இல்ல. தலைக்கு மேல போயிருச்சு.”

“லேசாப் பட்டிருந்தாலும் சொல்லிருங்க. வெளிச்சம் இருக்கு, நான் பின்னாலயே போயிருவேன்.”

“படல வாத்தியாரே.”

பொங்காயி அருளாந்துவைப் பார்த்துக் கேட்டாள். “அப்போ காலையில கெழங்கு புடுங்கப் போகலாங்களா?”

“தைரியமாப் போம்மா. இந்தச் சத்தத்துக்கே பத்து நாளைக்கு இந்தப் பக்கம் வராது.”

காலையில் அவள் போட்ட கூச்சல் ஓடை வரைக்கும் கேட்டது. முள்ளுப் புதரிலிருந்து பாய்ந்த பன்றி தொடையைக் கிழித்துப் போட்டிருந்தது. கம்பில் போர்வையைக் கட்டித் தூக்கிக்கொண்டு நாலு பேர் இறங்கினார்கள். ரோட்டை எட்டுவதற்குள் உயிர் அடங்கிவிட்டது.

சின்னாண்டி தனியாகப் புதருக்குள் நுழைந்து பத்தடியில் பன்றியைச் சுட்டார். இழுத்து வந்து வயிற்றைக் கிழித்தார். அழுகிய நாற்றம் முகத்தில் அடித்தது. மறுபக்கத் தோலுக்கு அடியில் முந்தின நாள் பாய்ந்த தோட்டா கிடந்தது. கொஞ்சமும் விரியவில்லை. கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது. அதைப் புல்லில் துடைத்து அருளாந்துவின் உள்ளங்கையில் வைத்தார்.

அருளாந்து அதை விரலால் உருட்டிப் பார்த்தார்.

“தோட்டா தப்பு வாத்தியாரே. அந்தத் தூரம் போறதுக்குள்ள இதுக்கு வேகம் செத்துரும். வேற தோட்டா போட்டிருந்தா அங்கேயே விழுந்திருக்கும்.”

சின்னாண்டி கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்களாவது ஒரு எட்டு போய்ப் பாத்திருக்கலாம்” என்றார் அருளாந்து.

“பாத்திருக்கலாம். சாகுற வரைக்கும் எனக்கு அந்த உறுத்தல் இருக்கு.”

அருளாந்து தோட்டாவை அவர் முன்னால் நீட்டினார். “சொல்லுங்க வாத்தியாரே. முந்நூறு கெஜத்துக்கு நான் எதைப் போட்டிருக்கணும்?”

சின்னாண்டி எழுந்தார்.

“முந்நூறு கெஜத்த விடுங்க பட்டாளத்தாரே. போகலாமான்னு கேட்டப்போ பொங்காயி உங்களுக்கு மூணடியில நின்னா. அந்தத் தூரத்துக்கு உங்ககிட்ட ஒரு வார்த்தை இல்லாமப் போச்சே.”