சாத்தி எழுதிய ஆணொழுக்கம்

சாத்தி என்பவள் எழுதிய ‘ஆணொழுக்கம்’ என்ற சுவடியை அந்தத் தர்க்கப் பள்ளியில் யாரும் தொடுவதில்லை. அதை எழுதியவள்தான் பிற்பாடு கத்தியோடு வந்து ஆசானைக் குத்தினாள். அன்றிலிருந்து அவருடைய இடது கை தோளுக்கு மேல் எழவில்லை.

கொற்றி என்ற மாணவி அதைப் படித்தாள். இது நையாண்டி, விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய நூல் என்று எல்லோரிடமும் வாதாடினாள். சுவடியைப் பிரித்தே பார்க்காதவர்கள்தான் அதிகம் கோபப்பட்டார்கள். அவள் தலை தெரிந்தால், கத்தியை ஒளித்து வையுங்கள் என்றார்கள். பிறகு அந்தக் கேலியும் நின்றது. பந்தியில் அவளுக்கு இருபுறமும் யாரும் உட்காரவில்லை.

அவளோடு இன்னும் பேசுகிறவர் ஆசான் ஒருவர்தான். அவரையும் இழக்க நேரலாம் என்று தெரிந்தேதான் கேட்டாள்.

“ஆசானே, உங்களைக் குத்தியவள் எழுதியதைப் படித்துச் சிரிக்கலாமா?”

“படி, கேட்போம்.”

கொற்றி சுவடியைப் பிரித்துப் படித்தாள். “ஆணுக்கு எழுத்து கற்பித்தால் மூளை சூடேறி மீசை உதிரும். மனைவியை இழந்தவன் மணவீட்டில் முகம் காட்டலாகாது. ஆண்குலத்தையே ஒழிப்பது நலம். பல்லக்குத் தூக்க மட்டும் நால்வரை விட்டுவைக்கலாம்.”

ஆசான் சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கொற்றிக்கு நிம்மதி வரவில்லை. கோபம்தான் வந்தது.

“அவளை மன்னித்துவிட்டீர்களா?”

“இல்லை.”

“பிறகு எப்படிச் சிரிக்கிறீர்கள்?”

“நன்றாக எழுதியிருக்கிறாள்.”

கொற்றி விடுவதாக இல்லை. அப்படியானால் அந்தக் கத்தியையும் நையாண்டியின் கடைசி வரியாகக் கொள்ளலாமே என்று வாதத்தை நீட்டினாள்.

ஆசான் மேலாடையை விலக்கித் தழும்பைக் காட்டினார்.

“இதில் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், சொல்.”

கொற்றி சுவடியை மூடிக் கட்டினாள். வெளியே மற்றவர்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

கட்டிய சுவடியைப் பார்த்தபடி கேட்டாள்.

“குத்துவதற்கு முன்னால் அவள் இதை யாருக்காவது படித்துக் காட்டினாளா?”

“இதே கூடத்தில், சபை நடுவில்.”

“யார் சிரித்தார்கள்?”

ஆசான் மேலாடையைச் சரிசெய்துகொண்டார்.

“நான் எழுந்து, மூளைச் சூட்டுக்கும் மீசைக்கும் சம்பந்தமில்லை என்று தக்க ஆதாரங்களோடு நிறுவினேன். சபை என்னை மெச்சியது.”