ஒரசுகல்லுல ஒட்டியிருந்த முடி

"நானா இந்தச் சொறி நோயக் கொண்டுவந்தேன்? அந்தப் பேச்ச இன்னொரு தடவ எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லுங்க நாட்டாமை!"

செவல நாய் பல்லக் காட்டிக்கிட்டு நின்னா. அவ பின்னால ரெண்டு குட்டிங்க வரட்டு வரட்டுன்னு சொறிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எதுத்தாப்புல, ஒடம்பெல்லாம் சேறு அப்பிக்கிட்டு எரும நாட்டாமை. சுத்தி, காட்டு சனம் மொத்தமும்.

கோடைக்காலம். அந்தக் காட்டுல தண்ணி கெடந்தது இந்த ஒரு குளத்துலதான். இங்கேருந்து வெரட்டிட்டா குட்டிங்க நாக்கு வறண்டே செத்துரும்.

"வெளியூர்க்காரி! நீ வந்த பொறகுதான் ஊரே சொறியுது!"ன்னு கத்துச்சு ஆடு.

"ஊரேன்னா? அப்ப உனக்கும் இருக்கா?"

"ச்சீ! எனக்கெதுக்கு?" ஆடு பின்னங்கால மெதுவா மடக்கி மறைச்சுச்சு. செவல அதப் பாத்துட்டா.

"பன்னியண்ணே, உங்களுக்கு?"

"எங்க பரம்பரைக்கே கெடையாதும்மா! எனக்கு இந்த மொசலு மேலதான் சந்தேகம்."

"என் மேலயா?" மொசலு துள்ளுச்சு. "கொரங்கு மாமாவப் பாருங்க! எப்பப் பாத்தாலும் மரத்துல முதுக ஒரசுறாரு!"

"அது குளிருக்கு!"

"சித்திர வெயில்லயா மாமா?"

ஒருத்தர ஒருத்தர் மொறச்சுக்கிட்டாங்க. பக்கத்துல நின்னவங்கள விட்டு ஆளுக்கு ஓரடி தள்ளி நின்னாங்க.

குளத்தோரத்துல ஒரு ஒரசுகல்லு இருந்துச்சு. அரிச்சா அதுல ஒடம்பத் தேய்ச்சுக்கலாம். ஆனா நாட்டாமை மட்டுந்தான் தேய்க்கணும், மத்தவங்க தொடக்கூடாது. ஊர்க் கட்டுப்பாடு! செவல நேரா அதுகிட்டப் போயி மோந்து பாத்தா.

"தொடக்கூடாத கல்லுல இது யாரு முடி? இது ஆடு. இது பன்னி. இது கொரங்கு. இந்தா, மொசலு! ஆளில்லாத நேரம் பாத்து எல்லாரும் தேய்ச்சிருக்கீங்க. தெரியாம என் குட்டிங்களும் தேய்ச்சுச்சு. வந்தப்ப அதுங்க தோலு பளபளன்னு இருந்துச்சு. இங்கதான் ஒட்டிக்கிச்சு!"



மொசலுதான் மொதல்ல அழுதுச்சு. "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்! தெரிஞ்சா தொரத்திருவீங்கன்னு பயந்தேன்!"

"எனக்கும் அப்படித்தான்!"ன்னுச்சு ஆடு.

"எனக்கும்..."ன்னு இழுத்துச்சு பன்னி.

"பரம்பரைக்கே கெடையாதுன்னியே?"ன்னு கேட்டுச்சு கொரங்கு.

"பரம்பரைக்குக் கெடையாது. எனக்கு இருக்கு! நீ மட்டும் யோக்கியமா?"

கொரங்கு முதுகத் திருப்பிக் காட்டுச்சு. முதுகு பூரா புண்ணு.

செவல இன்னும் கல்ல விடல. நகத்தால சொரண்டுனா. எல்லா முடிக்கும் அடியில, சொறிப் பொருக்கோட சேந்து, தடிச்ச கருப்பு முடி. அதுக்கு மேல போன மழைக்குப் புடிச்ச பாசி காஞ்சு கெடந்துச்சு.

"நான் வந்தது இந்தக் கோடைல. இது மழைக்கு முன்னாடியே ஒட்டுன முடி. யாருது?"

எல்லாக் கண்ணும் நாட்டாமை பக்கம் திரும்புச்சு. அவரு மெதுவா சேத்துப் பக்கம் நகந்தாரு.

"எங்க நழுவுறீங்க? சேத்தக் கழுவிட்டு வாங்க! எல்லாரும் ஒண்ணா மருந்து போட்டாத்தான் இது போகும். ஒருத்தர் மறைச்சாலும் மறுபடி எல்லாருக்கும் வரும். தன் சொறிய மறைச்சுட்டு அடுத்தவள வெரட்டுனா நோய் போகாது, ஊரு பூராப் பரவத்தான் செய்யும். எப்பலேருந்து உங்களுக்கு அரிக்குது, இத்தன பேரு முன்னாடி இப்பவே பதில் சொல்லுங்க நாட்டாமை!"